பழைய தோல்

கண்ணாடித் தட்டில் புழு நெளிந்துகொண்டிருந்தது. சர்க்கரையைச் செரித்துத் தோலாக்க உதவும் நொதியை மருந்தால் முடக்கியிருந்தார்கள். உடம்பு முழுக்கச் சர்க்கரை இருந்தும் அதனால் புதுத்தோல் வளர்க்க முடியவில்லை. பழைய தோல் தலையருகே மட்டும் வெடித்து, மற்ற இடமெல்லாம் இறுக்கியது. ஆய்வு மாணவி அமலோற்பவம் அந்தத் தட்டைப் பேராசிரியர் சடகோபனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“என் ஆய்வேட்டுல எப்ப சார் கையெழுத்துப் போடுவீங்க? ஆறு வருஷமாச்சு.”

“உனக்கு இன்னும் பக்குவம் வரலம்மா.”

“இதுக்கும்தான் வரல. வர விடாம பண்ணது யாரு சார்?”

சடகோபன் உருப்பெருக்கியை எடுத்துக் குனிந்து, புழு திணறுவதை வெகுநேரம் ரசித்துப் பார்த்தார்.

“பிரமாதமா வந்திருக்கு” என்றார். “இன்னொரு வருஷம் இதையே பண்ணு.”