எச்சில்

மனிதன் எப்படி மனிதனானான் என்று பழைய எலும்புகளில் மரபணு தேடும் ஆய்வுக்கூடம் அது. ஆய்வாளரின் ஒரு துளி பட்டாலும் மரபணு கலந்துவிடும் என்பதால், அங்கே எச்சில்தான் முதல் எதிரி.

"மண்டையோட்டுப் பல்லுல மறுபடியும் புது எச்சில். மாஸ்க் போட்டியா இல்லையா?" தலைவர் எரிந்து விழுந்தார்.

"போட்டேன் சார். சோதிச்சும் பார்த்துட்டேன். அது அந்த மண்டையோட்டு ஆளோட எச்சில்தான்" என்றாள் ஆய்வு மாணவி.

"ஐம்பதாயிரம் வருஷமா செத்துக் கிடக்கிறவனுக்கு வாய் ஊறுதாக்கும்! போய்க் கழுவு."

மரபணு எடுக்கப் பொடியாக்குவதற்காக அந்த மண்டையோட்டின் முன்பல் ஒன்றை அவள்தான் பிடுங்கியிருந்தாள். பெட்டியைத் திறந்தாள். மிச்சப் பற்கள் ஈரத்தில் பளபளத்தன. இடுக்கில் ஆப்பிள் தோல். தேய்த்துக் கழுவிப் பூட்டினாள்.

மதியம் பையிலிருந்த ஆப்பிளைக் கடித்தாள். பாதி தின்றபின்தான் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் ஏற்கெனவே கடிபட்டிருந்தது. பல் தடத்தின் நடுவே ஓர் இடைவெளி. எச்சில் இன்னும் காயவில்லை.