இன்னும் ஒரே ஒரு அடி

“அக்கா மறுபடியும் செத்துட்டாங்க!”

பக்கத்து மேஜைக்காரன் குரல் கொடுத்தான். யாரும் தலைதூக்கிப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் பிஸ்கட் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். செத்துப்போன அக்கா அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

அவள் முன்னால் இருந்த திரையில், கோட்டையின் முதல் வாசலில், இரும்புக் காவலன் கோடரியோடு நின்றுகொண்டிருந்தான். அந்த வீடியோ கேமை உருவாக்கியவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஆபீசில் அவனுக்குக் கருங்கல் என்று பெயர். எதற்கும் கரையமாட்டான் என்பதால் முதலாளி வைத்த பெயர் அது.

பழகிய கைக்கு எதுவும் கஷ்டமாகத் தெரியாது. அதனால், கேம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு புது ஆளைச் சம்பளத்துக்கு உட்காரவைத்து ஆடவிட்டுப் பார்ப்பது அந்தக் கம்பெனி வழக்கம். கை பழகியதும் ஆளை மாற்றிவிடுவார்கள். வேலை பார்த்த தையல் கடையை மூடிவிட்டதால் வேலை தேடி வந்த அக்காவுக்கு, கொஞ்ச நாளாக அந்த நாற்காலி.

“எவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று கேட்டான் கருங்கல்.

“இன்னும் ஒரே ஒரு அடிதான் சார் பாக்கி. அடிச்சிருந்தா விழுந்திருப்பான், கை உதறிடுச்சு.”

நேற்றும் ஒரே ஒரு அடிதான் பாக்கி. முந்தாநாளும் அப்படித்தான். வெண்ணெய் திரண்டு வரும்போதெல்லாம் தாழி உடைகிறதே என்று அவனுக்கு அலுப்பாக இருந்தது.

முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னப்பா, இன்னைக்கும் ஊத்திக்கிச்சா? வாங்குறவன்ல பாதிப் பேர் இந்த வாசலோட திரும்பிப் போயிடுவான். சுலபமா ஜெயிக்கிற மாதிரி ஈஸி மோடு ஒண்ணு வெச்சுத் தொலையேன்.”

“ஈஸியா ஜெயிச்சா ஜெயிச்ச மாதிரியே இருக்காது சார். விழுந்து விழுந்து எந்திரிச்சு ஒருத்தன் இவனைச் சாய்ச்சான்னு வைங்க, அன்னைக்கு அவனுக்கு ராத்திரி தூக்கம் வராது. நாம விக்கிறதே அதைத்தான்.”

“வெளியில நாள் பூரா அடி வாங்கிட்டு வீட்டுக்கு வர்றவன், இங்கயும் காசு கொடுத்து அடி வாங்கணுமா? நல்லாயிருக்கே நியாயம்!” முதலாளி கதவில் சாய்ந்துகொண்டார். “சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அக்கா ஜெயிச்சுட்டா உன் இஷ்டம். இல்லைன்னா என் இஷ்டம்.”

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் விழுந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷ உழைப்பு ஒருத்தியின் கட்டைவிரலில் வந்து நிற்கிறதே என்று கருங்கலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

டீ வந்தபோது பேச்சுக் கொடுத்தான். “வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?”

“அவரும் பொண்ணும். அவரு மில்லுல ஆளைக் குறைச்சுட்டாங்க. வீட்டுலதான் இருக்காரு.”

“நீங்க ஜெயிச்சுக் காட்டுங்க அக்கா. உங்க போட்டோவைப் பெருசா இந்தச் சுவத்துலயே மாட்டுறேன்.”

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு டீயைக் குடித்து முடித்தாள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. அக்கா காலையில் செத்தாள், பதினொரு மணி வாக்கில் செத்தாள், பன்னிரண்டு மணிக்கு இன்னொருமுறை செத்தாள். அப்போதும் ஒரே ஒரு அடிதான் பாக்கி. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், கருங்கலைப் பார்த்தார், அவ்வளவுதான்.

கருங்கல் தன் இடத்துக்குப் போய் ஈஸி மோடைத் தானே எழுதினான். காவலனின் பலத்தைப் பாதியாக்கினான். நெஞ்சு வலிக்கும் என்று நினைத்திருந்தான். பல் டாக்டர் ஊசி போட்டபின் ஈறு மரத்துக் கிடக்குமே, அதுபோல ஒன்றுமே தெரியவில்லை.

“இப்ப ஆடுங்க அக்கா.”

ஆடினாள். ஒரே ஒரு அடி பாக்கி இருக்கும்போது செத்தாள்.

“சரிதான்! உன் ஈஸி மோடுக்கே இன்னொரு ஈஸி மோடு வேணும்போல இருக்கு” என்று முதலாளி சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

கருங்கல் காவலனின் பலத்தை இன்னும் பாதியாக்கினான். இப்போது காவலன் கோடரியைத் தூக்குவதற்குள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துவிடலாம். குழந்தைகூட அவனைக் கீழே தள்ளிவிடும்.

அக்கா அடித்தாள், அடித்தாள், நிறுத்தினாள். அவள் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அதை அழுத்தவில்லை. உதறவும் இல்லை. காவலன் சாவகாசமாகக் கோடரியைத் தூக்கி, சாவகாசமாக இறக்கினான்.

கருங்கல் திரையைப் பார்க்கவில்லை. அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, அவன் சும்மா நின்னுட்டிருந்தான். நீங்க அடிக்கவே இல்லை. ஏன்?”

அவள் முதலாளியின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அவனை அடிச்சுட்டா, அப்புறம் நான் புது ஆள் இல்லையே சார்.”