இருநூறு கிராம்

"அர்த கேஜி ஜாஸ்தி. நாப்பத்தெட்டு ஐநூறு."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அதிகாரியின் குரல், வெளியே நின்ற கில்பர்ட்டுக்குத் தெளிவாகக் கேட்டது. பெண் குத்துச்சண்டை வீரர்களுக்கு எடை பார்க்கும் அறை. அப்பாக்களுக்கு அனுமதி இல்லை.

மகள் ஆஞ்சலா வெளியே வந்தாள். பின்னாலேயே கோச் ஃபாத்திமா.

"வீட்டுல எவ்ளோ காட்டுச்சு?"

"நாப்பத்தேழரை, மேடம்."

"அப்புறம் ஒரு கிலோ எங்கேர்ந்து வந்துச்சு? வர்ற வழியில பிரியாணி அமுக்கினியா?" ஃபாத்திமா கில்பர்ட் பக்கம் திரும்பினார். "கிளப் மெஷின் ரிப்பேருக்கு உங்க வீட்டுலதானே கெடக்குது? சரியாத்தானே காட்டுது?"

கில்பர்ட் வாயைத் திறப்பதற்குள் ஆஞ்சலா முந்திக்கொண்டாள்.

"டாடி கை வச்ச மெஷின் தப்பாகாது மேடம். நான்தான் காலையில தண்ணி குடிச்சுட்டேன்."

"சரி, அழுவுறது நக்கோ, வேணாம். ஒன்பது மணி வரைக்கும் டைம் இருக்கு. ஜாக்கெட்டப் போடு. ஓடு."

நாற்பத்தெட்டு கிலோவுக்குள் இருந்தால்தான் இன்று மேடை ஏற முடியும். ஜெயித்தால் கர்நாடகா டீம். தவறினால் அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். ஆறு வருஷ உழைப்பு அத்தோடு சரி.

பிளாஸ்டிக் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஆஞ்சலா மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். டிசம்பர் மாசத்துப் பெங்களூர்க் காலை. வேர்வை சுலபத்தில் வருவேனா என்றது. நான்காவது சுற்றில் அவள் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டாள்.

"கொப்புளிச்சுத் துப்பிடு. உள்ள போகக் கூடாது," என்று ஒரு வாய் மட்டும் கொடுத்தார் ஃபாத்திமா.

ஆஞ்சலா கொப்புளித்தாள். கண்ணை மூடிக்கொண்டு துப்பினாள்.

கில்பர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆஸ்டின் டவுன் வீட்டுச் சமையலறையில் இதே காட்சியைத்தான் பார்த்தார். திறந்த ஃபிரிட்ஜ் முன்னால் நின்று, ஒரு வாய் தண்ணீரைக் கொப்புளித்து, ஸிங்க்கில் துப்பிக்கொண்டிருந்தாள் மகள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பார்க்கச் சகிக்கவில்லை.

பொம்மசந்திராவில் எடை மெஷின் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக டெக்னீஷியன் அவர். எந்தக் கடைக்காரனும் ஒரு கிராம்கூட ஏமாற்றக் கூடாது என்று சோதித்து சீல் வைக்கிற கை. அன்று அந்தக் கைதான் கிளப் மெஷினைத் திறந்து, ஐம்பது கிலோவுக்கு ஒரு கிலோ குறைத்துக் காட்டும்படி மாற்றி வைத்தது.

மறுநாள் மெஷினில் ஏறிய ஆஞ்சலா, "அப்பாடா, இறங்கிடுச்சு," என்று கூடுதலாக ஒரு சப்பாத்தி சாப்பிட்டாள். மோர் குடித்தாள். முகத்தில் ரத்தம் ஊறியது. அந்த வாரமே மனைவி கேத்தரின், புதிதாக வாங்கிய இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை அதே மெஷினில் வைத்துப் பார்த்து, அரைக் கிலோ குறைகிறது என்று ரவிக்குமார் கடைக்குச் சண்டைக்கே போனாள். அவளிடம் அப்போதும் கில்பர்ட் வாய் திறக்கவில்லை.

கடைசி வாரம் பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தார். தட்டை வழித்துச் சாப்பிடும் மகளைப் பார்த்தபோது ஸ்க்ரூடிரைவரைத் தொடக் கை வரவில்லை.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம். ஆஞ்சலா தள்ளாடியபடி உள்ளே போனாள்.

"நாப்பத்தெட்டு இருநூறு. டைம் முகித்து, முடிஞ்சுபோச்சு மேடம்," என்றது உள்ளேயிருந்து அதே குரல்.

இருநூறு கிராம். ஒரு டம்ளர் தண்ணீர். நேற்று ராத்திரி, "மெஷின்லதான் கம்மியாக் காட்டுதே, குடி கண்ணு," என்று அவரே ஊற்றிக் கொடுத்தாரே, அந்த மோர்.

ஃபாத்திமா ஆஞ்சலாவின் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த பெண்ணைக் கூப்பிடப் போய்விட்டார்.

கேட்டுக்கு வெளியே இளநீர் வண்டி. ஒன்றை வெட்டச் சொல்லி மகள் கையில் கொடுத்தார் கில்பர்ட். அவள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து உறிஞ்ச ஆரம்பித்ததும், பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு, அந்த மெஷினை..." அவள் கையிலிருந்த இளநீரையே பார்த்தார். "நான்தான் மாத்தி வச்சேன். நீ பட்டினி கிடக்கிறதப் பார்க்க முடியல. உன் வாழ்க்கையையே கெடுத்துட்டேன்."

"தெரியும் டாடி."

கில்பர்ட் திகைத்துப் போய்ப் பார்த்தார்.

"அம்மா சண்டைக்குப் போனப்ப அரிசி மூட்டையைத் தூக்கிட்டுப் போனது யாரு? நான்தானே. கடைத் தராசுல கரெக்டா இருபத்தஞ்சு காட்டுச்சு. அம்மா தராசுதான் தப்புன்னாங்க, எனக்குப் புரிஞ்சுடுச்சு."

"அப்பவேவா? ரெண்டு வாரம் இருந்துச்சேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேனே."

ஆஞ்சலா இளநீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். வெறும் காயை மடியில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"சரி பண்ணிடுவீங்கன்னுதான் சொல்லல. பசிச்சுது டாடி."