ஒரு மிடறு

“வேதத்துல இருக்கிற முறையை மாத்தச் சொல்ல நீ யாருப்பா?”

சபையின் மூப்பர் மேசையில் ஓங்கி அறைந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு. ஆராதனையும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் பந்தியும் முடிந்து ஒரு மணி நேரமாகியும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சபைக் கூட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது.

எழுந்து நின்றவர் ஒரு பஸ் டிரைவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பந்தியில் கொடுக்கும் புளித்த திராட்சரசத்தை நிறுத்திவிட்டு, இனிமேல் புளிக்காத பழச்சாறு கொடுக்க வேண்டும்.

“முறையை மாத்தச் சொல்லலை ஐயா. புளிச்சதா, புளிக்காததான்னு வேதத்துல எங்கயாவது போட்டிருக்கா? அதைத்தான் கேக்கறேன்.”

“கர்த்தர் கடைசியா விருந்து வெச்ச பஸ்கா பண்டிகை, திராட்சை அறுவடை முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு வர்றது. அந்தக் காலத்துல ஃப்ரிட்ஜா இருந்துச்சு? புளிக்காம எப்படி இருக்கும்?”

மூப்பர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கேட்டுவிட்டு, வகுப்பைப் பார்ப்பதுபோல் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“கர்த்தர் எப்படிச் செஞ்சு காட்டினாரோ, நாமும் அப்படியேதான் செய்யணும். ஒரே பாத்திரம், அதே ரசம். இருபது வருஷமா என் மனைவி கையால போடற ரசம். இதுவரைக்கும் ஒருத்தர் முகம் சுளிச்சதில்லை.”

“அப்படியேன்னா எல்லாமே அப்படியே இருக்கணும்ல? அது மாடியறையில நடந்துச்சு. நாம கீழ உக்காந்திருக்கோம். அது ராத்திரி. நாம காலையில பத்து மணிக்கு நடத்தறோம். அவங்க சாய்ஞ்சு படுத்துக்கிட்டுச் சாப்பிட்டாங்க. நமக்கு பெஞ்சு.”

“அதெல்லாம் சூழ்நிலை. இது கட்டளை!”

“எது சூழ்நிலை, எது கட்டளைன்னு கோடு கிழிச்சது யாரு? கர்த்தரா, நீங்களா?”

கடைசி வரிசையில் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். மூப்பரின் காது மடல்கள் சிவந்தன.

டிரைவர் விடவில்லை. “அதே ராத்திரிதான் சீஷர்களோட காலைக் கழுவினார். நீங்களும் இதைச் செய்யணும்னு வாயைத் திறந்தே சொன்னார். ஐயா கடைசியா யார் காலைக் கழுவினீங்க?”

“மரியாதையா பேசு!”

“என்னால இன்னொருத்தன் இடறி விழுவான்னா இறைச்சியையே தொட மாட்டேன்னு அப்போஸ்தலர் சொல்லியிருக்காரே, அது மட்டும் நமக்கு முறையில்லையா?”

“இங்க யாரு இடறினது? நீதானே?” மூப்பர் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். “பாத்திரம் வந்தா வாயில வைக்காம அடுத்தவர்கிட்ட கொடுத்துடறே. ஏன்னு ஒருத்தராவது கேட்டோமா? பதினாலு மாசமா குடிக்காம இருக்கேன்னு சந்தோஷப்படத்தானே செய்யறோம்? அப்புறம் என்ன? உன் ஒருத்தன் நாக்குக்குப் பயந்து சபை மொத்தமும் சர்பத் குடிக்கணுமா?”

இந்தத் தடவை எல்லாரும் சத்தமாகவே சிரித்தார்கள்.

டிரைவர் முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். “சரி, எனக்காகன்னே வெச்சுக்கங்க. என் பலவீனம்னே நோட்டுல எழுதிக்கங்க. ஆனா மாத்துங்க.”

“இதே வாசல்ல வாந்தியெடுத்து விழுந்து கிடந்தவன், இன்னைக்கு எனக்கு வேதம் சொல்லித் தர்றான்!”

சிரிப்பு சட்டென்று நின்றது. பெண்கள் பக்கத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சபைக் கூட்டத்தில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது என்பதும் அங்கே கட்டளைதான். கை தூக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை.

ஆண்களைக் கை தூக்கச் சொன்னார்கள். பழச்சாற்றுக்கு ஆதரவாக ஒரே ஒரு கை உயர்ந்தது.

ஸ்கூட்டரில் ஏறும்வரை அடக்கி வைத்திருந்த டிரைவரின் மனைவி, சபையின் கேட்டைத் தாண்டியதும் வெடித்தாள்.

“இப்போ திருப்திதானா? எல்லாரும் மறந்துபோயிருந்தாங்க. நீங்களே தோண்டியெடுத்துக் கொடுத்துட்டீங்க. நான் இனிமே எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அங்க போய் உக்காருவேன்?”

“அந்த மனுஷன் பேசினது உனக்குச் சரியாப் படுதா?”

“தப்புதான். ஆனா உங்களைத்தான் யாரும் கட்டாயப்படுத்தலையே! நீங்கபாட்டுக்குப் பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு இந்த வீம்பு?”

டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கினார். அன்றைக்கு அவள் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை. டியூட்டி முடிந்து, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் அவர் ஒரு பல் மருத்துவமனையின் மாடிக்கு ஏறினார். குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் வாராவாரம் கூடும் அறை அது. அங்கே யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. உள்ளே பேசியது எதுவும் கதவைத் தாண்டக் கூடாது, கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது சேரும்போதே கொடுக்கும் வாக்கு. அவர் தனக்கென்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

எதிரே ஒரு பெண் எழுந்து நின்றார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசினார்.

“இருபத்தேழு நாள் தொடாம இருந்தேன். நேத்து ஒரு மிடறுதான். வேண்டாம்னு சொன்னா ஏன்னு வீட்டுல துருவித் துருவிக் கேப்பாங்க. அந்த ஒரு மிடறுக்கு அப்புறம் என்னால நிறுத்த முடியலை. சாயங்காலத்துக்குள்ள, வீட்டுல இருந்த மிச்சம் அத்தனையும் குடிச்சிட்டேன். போன மாசமும் இதே மாதிரிதான் ஆச்சு. இன்னைக்கு எனக்கு மறுபடியும் முதல் நாள்.”

“எனக்காக நேத்து நீங்க பட்ட அவமானம் போதும் தம்பி, விட்டுடுங்க” என்று டிரைவரைப் பார்த்துக் கைகூப்பினார், மூப்பரின் மனைவி.