களிமண் வகுப்பு

மனசு லேசாகும் என்று சொல்லித்தான் திலகவதியை அவள் மகள் ஒரு தியான வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தாள். கண்ணை மூடினால் வீட்டு வேலைகள்தான் வரிசைகட்டி வந்தன. இன்று ஆளுக்கொரு உருண்டை களிமண்ணைக் கொடுத்து, "எதையும் யோசிக்காம விளையாடுங்க" என்றார் ஆசிரியை. திலகவதி உருட்டினாள், கொழுக்கட்டை வந்தது. தட்டினாள், அடை வந்தது. எரிச்சலோடு பிசைந்து உருட்டினால் மறுபடியும் கொழுக்கட்டை.

"அழகா இருக்கும்மா" என்றார் ஆசிரியை.

"என்ன அழகு? இங்கேயும் எனக்கு அடுப்படிதானா?" என்று கத்தியபடி அதைச் சுவரில் விட்டெறிந்தாள். சப்பென்று அப்பிக்கொண்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மண்டைக்குள் இப்படியொரு அமைதி இருந்து எத்தனை வருஷமாயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்துப் பாயில் இருந்தவள் தன் களிமண்ணை மெல்ல நகர்த்தினாள்.

"இதையும் எறியுங்கக்கா."

திலகவதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.