மூன்று விநாடி தாமதம்

நாடகம் முழுக்கச் சரியாக ஓடியது. ஒரே ஒரு வரி மட்டும் தினமும் மூன்று விநாடி தாமதமாக வந்தது.

டெரிக் ஹார்வுட் லண்டன் மேடையிலும் சினிமாவிலும் ஐம்பது வருடங்களாகப் பாதிரியார், பட்லர், இன்ஸ்பெக்டர் என்று நடித்தவர். எழுபத்தொன்பது வயதில் வசனம் மனத்தில் நிற்பதில்லை. பக்கத்து அறையிலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் பெரில் அதை மைக்கில் வாசிப்பாள். அவர் காதுக்குள் இருக்கும் சின்னக் கருவியில் அது கேட்கும். அப்படியே திருப்பிச் சொல்வார்.

மதியக் காட்சி முடிந்ததும் ஒலி பார்க்கும் கெவினைப் பிடித்தார்.

"உன் மிஷின் என்னைக் கவுத்துடும்ப்பா. இன்னொரு தடவை முழிச்சா வேற ஆளைப் போட்டுடுவேன்னு டைரக்டர் சொல்லிட்டார்."

"மிஷின் மேல பழி போடாதீங்க. மூணு தடவை பாத்துட்டேன். அந்த வரியில பெரில்தான் நிறுத்துறாங்க."

டெரிக் பக்கத்து அறைக்குப் போனார்.

"அந்த இடத்துல ஏன் நிறுத்துறே பெரில்?"

"அது என்ன வரி? சொல்லு பாப்போம்."

"ஞாபகம் இல்லையே."

"எப்படி இருக்கும்? 'உன் வாழ்க்கையையும் சேர்த்து நானே வாழ்ந்துட்டேன், மன்னிச்சிடு'ன்னு மேடையில பொண்டாட்டிகிட்ட சொல்றே. உனக்கு முதல் சினிமா வந்தப்போ, பிள்ளைங்களுக்காக நடிப்பை விட்டவ நான். நாம விவாகரத்து பண்ணி இருபது வருஷம் ஆச்சு, இன்னும் நீ அதை என்கிட்ட சொல்லலை. நானே உன் காதுல ஓதணும்னா வாய் வரமாட்டேங்குது, டெரிக்."

அவர் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். அந்த ஒரு வரியை அவள் முகத்தைப் பார்த்தே மனப்பாடம் செய்தார். பதினோரு தடவை தடுமாறினார்.

மறுநாளிலிருந்து அந்த இடம் வந்ததும் பெரில் மைக்கை அணைத்துவிடுவாள். வரி நேரத்துக்கு வந்தது.