இரண்டு திரைக்கு ஒரு நாரை

ஏரிக்கரையில் பொன்மணி கைபேசியில் எடுத்த சின்னப் புகைப்படத்தில் ஒரு நாரை இருந்தது. அலுவலகத்தில் அவள் மேசைமேல் இரண்டு கணினித் திரைகள். ஒன்று புதியது, அகலமானது. மற்றது பழைய சதுரத் திரை. ஒருநாள் காலையில் அகலத் திரையின் பின்னணிப் படமாக அந்த நாரையை வைத்துவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

"என் இரண்டு ஓரமும் கறுப்பாகக் கிடக்கிறது. கொஞ்சம் சிறகை விரித்துக்கொள்ளேன்" என்றது அகலத் திரை.

நாரை விரித்தது. கால்கள் தடித்தன, இறகெல்லாம் மங்கிப்போயின.

"நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்? இந்தப் பக்கமும் வாயேன்" என்றது சதுரத் திரை.

முடியவில்லை என்று சொல்லத்தான் நாரை நினைத்தது. வாயில் வந்ததென்னவோ, "சரி, வருகிறேன்." உடம்பு ஒரு திரையிலும் தலை மறு திரையிலுமாக நீட்டிக்கொண்டது. இரண்டு திரைகளுக்கும் நடுவில் இருந்த விளிம்புச் சட்டத்தில் கழுத்து காணாமல் போனது.

பொன்மணி திரும்பி வந்து பார்த்தாள். "என்ன இது, வாத்து மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்துவிட்டு, இரண்டிலும் வெறும் நீல நிறத்தை வைத்தாள். நீலம் நன்றாக இருப்பதாகத் திரைகள் இரண்டும் பேசிக்கொண்டன.

கணினியில் சேமித்திருந்த மற்ற படங்களோடு நாரை தன் பழைய அளவில் போய் ஒடுங்கியது. இறகுகள் தெளிந்தன. கழுத்து மட்டும் வலித்தது.

"மறுபடி கூப்பிட்டால் என்ன செய்வாய்?" என்று பக்கத்துப் படத்து ஆமை கேட்டது.

"போய்விடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நாரை கண்ணை மூடிக்கொண்டது.